மேடையில் நான் தட்டிவிட்ட கை

சரவணா,

அம்மா எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் உன்னோடு இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் பேச முடியாமல் போனதால்தான் நமக்குள் இவ்வளவும் ஆனது. பேச ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினால் நீ வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வாய். காகிதத்தில் அந்தக் கவலை இல்லை. வலி வந்தால் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம், போனபிறகு விட்ட இடத்திலிருந்து எழுதலாம். இதை நீ யாரிடம் காட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் படிக்கட்டும்.

உன் கல்யாணத்துக்கு முந்தைய வருடத்திலிருந்து சொல்ல வேண்டும். அப்பா போனபிறகு கருணை அடிப்படையில் எனக்குக் கடலூர் கோர்ட்டில் உதவியாளர் வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். நீ அப்போது எட்டாம் வகுப்பு. சிதம்பரத்தில் பஸ் ஏறி, மாலையில் திரும்பி வந்து உனக்குச் சமைப்பேன். கேஸ் எடுக்கும்போது வராந்தாவுக்கு வந்து வாதி, பிரதிவாதி பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவதுதான் என் முக்கியமான வேலை. முதல் நாள் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு, கீரப்பாளையத்தில் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிட்டு வளர்ந்தவள்தானே, பழகிவிட்டது. நான் கூப்பிட்டால் கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூட டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவான். வக்கீல்கள் என்னிடம், 'ஒங்களுக்கு மைக்கே வேணாம்மா' என்பார்கள். புருஷன் போனபிறகு எனக்கென்று இருந்த ஒரே பெருமை அந்தக் குரல்தான்.

அந்த முந்தைய வருடத்தில்தான், ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது, வலது பக்கம் மேல் ஈறில் ஏதோ சுரீரென்று வெட்டியது. கரண்ட் கம்பியைத் தொட்டுவிட்டது போல. கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. போனபிறகு அங்கே ஒன்றுமே இல்லை, வீக்கமில்லை, சிவப்பில்லை. மறந்துவிட்டேன். நாலைந்து நாள் கழித்துச் சாப்பிடும்போது வந்தது. பிறகு முகம் கழுவும்போது. பிறகு பஸ் ஜன்னல் காற்று வலது கன்னத்தில் பட்டால் வந்தது. கடைசியில் பேசும்போதும் வர ஆரம்பித்தது. அதிலும் உதடும் உதடும் ஒட்டிப் பிரிகிற எழுத்து வந்தால், நிச்சயம். நம் ஜில்லாவில் பாதிப் பேருக்குப் பெருமாள், பழனி, மாரியம்மாள், பாவாடை என்றுதானே பெயர். கேஸ் கட்டை எடுத்துக் கொடுக்கும்போதே அன்றைக்கு எத்தனை 'ப', எத்தனை 'ம' என்று என் கண் தேடும். ராத்திரி தூங்கினால் வராது. அதனால் தூங்கப் போவது ஒன்றுதான் சந்தோஷமாக இருந்தது.

பல் வலி என்றே நினைத்தேன். பல் டாக்டரிடம் போய், இந்த இடம்தான் என்று விரலை வைத்துக் காட்டினேன். அவர் வேர் சிகிச்சை செய்தார். வலி நிற்கவில்லை. அந்தப் பல்லைப் பிடுங்கினார். ஒரு வாரம் நின்ற மாதிரி இருந்தது, பிறகு அதற்குப் பக்கத்துப் பல்லில் வந்தது. அதையும் நானே சொல்லிப் பிடுங்க வைத்தேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், காட்டியது என் விரல். அதற்குப் பிறகு ஒருவர் சைனஸ் என்றார். இன்னொருவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, 'ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்காரர் இல்லாம தனியா இருக்கீங்க, மனசுல கவல ஜாஸ்தி' என்றார். அந்த வார்த்தை என்னை ரொம்பப் படுத்திவிட்டது. கவலைப்படுகிற பொம்பளைக்கு வருகிற வலி என்றால் அதை யாரிடம் சொல்வது? உன்னிடம் பல் வலி என்று ஒருமுறை சொன்னேன். 'நல்ல டாக்டரா பாரும்மா' என்றாய். அதோடு விட்டுவிட்டோம், நீயும் நானும்.

அந்தச் சமயத்தில்தான் நீ ஜெனிட்டாவைப் பற்றிச் சொன்னாய். உன்னோடு ஓசூரில் வேலை செய்கிற பெண், கடலூர் ஓ.டி.யில், அதுதான் பழைய டவுனில், வீடு, சர்ச்சுக்குப் பக்கத்துத் தெரு, அப்பா துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் இருக்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். எனக்குப் பிடிக்கவில்லை. இதை நான் மறைத்து எழுதினால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை. பெண்ணைப் பிடிக்காமல் இல்லை, பெண்ணை நான் பார்க்கவேயில்லை. ஊரில் என்ன பேசுவார்கள் என்பதுதான். கீரப்பாளையத்திலிருந்து உன் மாமா வந்து, 'மச்சான் இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்குவாரா?' என்று கேட்டார். உன் அப்பா ஒத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மாமாவிடம் அதைச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன். உன்னிடம், 'கொஞ்சம் டைம் குடுடா, பழகிக்கிறேன்' என்றேன். நீ டைம் கொடுத்தாய். பழகிக்கொண்டேன். நிச்சயத்தன்று ஜெனிட்டா, 'அத்த, எனக்கு சமைக்கவே வராது, இப்பவே சொல்லிட்டேன்' என்று என் காதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கும் என்று அடக்கிக்கொண்டேன். அவளுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? சொன்ன தமாஷுக்குச் சிரிக்காத மாமியார். அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

கல்யாணத்தன்று காலையில் ஓ.டி. சர்ச்சில் எப்படியோ சமாளித்தேன். சாயங்காலம் சிதம்பரம் மண்டபத்தில் வரவேற்பு. அன்றைக்கு என் முகம் இருந்த நிலைமை உனக்குத் தெரியாது. சில நிமிடத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது. சாப்பிடவில்லை, தண்ணீரைக்கூட ஸ்ட்ரா வைத்து இடது பக்கமாக உறிஞ்சினேன். மேடையில் பெரிய காற்றாடியை வலது பக்கம் வைத்திருந்தார்கள். அதற்கு முதுகைக் காட்டி நின்றால், வீடியோக்காரர், 'அம்மா, இப்படி திரும்புங்க, கொஞ்சம் சிரிங்க, மருமகள புடிக்கலையா?' என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்தான், மருமகள் மாமியாருக்குச் சந்தனம் பூசுகிற மாதிரி ஒன்று எடுக்கலாம் என்றார். ஜெனிட்டா சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, ஆசையாக, என் வலது கன்னத்தில் வைத்தாள்.

அவள் விரல் பட்டதும் என்ன ஆனது என்று எழுத எனக்கு வார்த்தை இல்லை. கண்ணுக்குக் கீழே ஆணி அடித்து, அதில் கரண்டைக் கொடுத்தது போல என்று வைத்துக்கொள். 'கைய எடு!' என்று கத்தினேன். கோர்ட் வராந்தாவில் கத்துகிற குரல். என் கை தானாகப் போய் அவள் கையைத் தட்டிவிட்டது. கிண்ணம் கவிழ்ந்து அவள் பட்டுப்புடவையெல்லாம் சந்தனம். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் வாயைத் திறந்தால் மறுபடி வரும், அதனால் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கீழே இறங்கி, ரூமுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். வெளியே உன் மாமா யாரிடமோ, 'அவளுக்கு மனசு ஒப்பல, எவ்ளோ நாளைக்குத்தான் அடக்குவா' என்று சொன்னது கேட்டது. எழுந்துபோய், அப்படி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது.

மறுநாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீங்கள் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டீர்கள். ஜெனிட்டா என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் போன கொஞ்ச நாளில் வலி நின்றுவிட்டது, சரவணா. சுத்தமாக நின்றுவிட்டது. இந்த நோய் அப்படித்தானாம், சில பேருக்கு மாதக்கணக்கில் காணாமல் போய்த் திரும்பி வருமாம். எனக்கு அப்போது தெரியாது. முறுக்கு கடித்தேன், முகம் கழுவினேன், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனேன். இப்போது உன்னைக் கூப்பிட்டு, 'அன்னைக்கு வலிச்சுதுடா' என்றால் யார் நம்புவார்கள்? அதைவிட மோசம், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மனதில் கவலை என்று டாக்டர் சொன்னாரே, அப்படியானால் மேடையில் கத்தியது என் மனதுதானா? பிடிக்காமல்தான் தட்டினேனோ? உன் மாமா சொன்னதுதான் நிஜமோ? பல மாதம் இதையே நினைத்துக்கொண்டு, உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்தேன். வலி இல்லாத அந்த மாதங்கள்தான் நான் வாய்விட்டுப் பேசியிருக்க வேண்டிய மாதங்கள். எனக்கு ஆறாத வருத்தம் அதுதான்.

ஜெனிட்டா அப்போதும் ஞாயிற்றுக்கிழமையானால் கூப்பிடுவாள். 'அத்த, சாப்டீங்களா, என்ன கொழம்பு?' என்று கேட்பாள். முதலில் ஓரளவு பேசினேன். பிறகு வலி திரும்பி வந்தது, முன்னைவிட ஜாஸ்தியாக. போனை இடது காதில் வைத்துக்கொண்டு, உதட்டைப் பிரிக்காமல் 'ம்' என்பேன். அவள் நாலு கேள்வி கேட்டால் நாலு 'ம்'. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. நானாவது கூப்பிட்டிருக்கலாம். அப்பா தெவசத்துக்கு நீ மட்டும் வந்தாய். இலை எடுத்தபிறகு கூடத்தில் நின்று, 'அவ ஒனக்கு என்னம்மா பண்ணா?' என்று கேட்டாயே. அப்போது எனக்கு வலி வந்து போய்க்கொண்டிருந்தது. நான் பதில் சொல்லாமல் நின்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டாய். ஓசூர் அவ்வளவு தூரமில்லை. தூரமாக்கியது என் வாய்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. உன் மாமனார் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். நான்தான் வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன்.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, நடைபாதை ஓர சீட்டில். ஓ.டி.யில் உன் மாமனார் ஏறினார். என்னைப் பார்த்ததும் வேறு இடம் தேடினார். இல்லை. பக்கத்து சீட்டில் வந்து, நேராக முன்னால் பார்த்து உட்கார்ந்தார். அவரைச் சொல்லி என்ன, அவர் பெண்ணை நான் ஊர் பார்க்க அடித்தவள். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். நான் பணத்தை நீட்டி, கையைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. 'வாயத் தொறந்து சொல்லுங்கம்மா, எங்க?' என்றார். 'சிதம்பரம்' என்று சொன்னேன். பாதியிலேயே பிடித்துக்கொண்டது. முகம் ஒரு பக்கமாக இழுத்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, கையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் அந்தரத்தில் நிறுத்தினேன். ஆலப்பாக்கம் பக்கம் வரும்போது எதிர்க்காற்று வேறு. உன் மாமனார் எழுந்து முன் சீட்டுக்காரரிடம் சொல்லி ஷட்டரை இறக்கினார். கண்டக்டரிடம், 'ரெண்டு சிதம்பரம், என்கிட்ட வாங்கிக்குங்க' என்றார்.

அது போய், நான் மூச்சு விட்டபிறகு, மெல்லக் கேட்டார்: "மண்டபத்துலயும் இதுதானுங்களா?"

தலையை ஆட்டினேன்.

பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. பிறகு, "எம் பொண்ணு அன்னைக்கு அழுதா பாருங்க. நான் ஒங்கள மனசுக்குள்ள என்னென்னவோ திட்டியிருக்கேன் சம்மந்திம்மா. சர்ச்சுல முட்டி போட்டுக்கிட்டே திட்டியிருக்கேன்" என்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாங்க. இது என்னா நோவுன்னு எனக்கே தெரியல. பேர் தெரியாத நோவ சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும். தெரிஞ்சப்புறம் நானே சொல்லிக்கிறேன்."

"ஒங்க இஷ்டம். ஆனா ஒண்ணு, இனிமே டாக்டர்கிட்ட தனியா போவக்கூடாது. நான் வருவேன்."

வந்தார். மூன்றாவது பல்லையும் பிடுங்கிவிடலாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். பழைய டாக்டர் ஊரில் இல்லாததால், சிதம்பரத்தில் புதிதாக கிளினிக் திறந்திருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் போனோம். அவள் படம் எடுத்துப் பார்த்தாள். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற கண்ணாடிக் கம்பியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாக மெதுவாகத் தட்டினாள். 'பல்லு நல்லாருக்கும்மா, இத எடுக்க மாட்டேன்' என்றாள். நான் கெஞ்சினேன். ஐம்பது வயதுக்கு மேல் ஆன பொம்பளை, மகள் வயதுப் பெண்ணிடம், 'புடுங்கிடும்மா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்' என்று கெஞ்சினேன். அவள் நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்து, "இதையும் எடுத்தா அடுத்த பல்லு வலிக்கும்மா. எல்லாத்தையும் எடுத்தாலும் வலிக்கும். இது பல்லு வலி இல்ல, நரம்பு வலியா இருக்கும்னு தோணுது. நரம்பு டாக்டரப் பாருங்க. வேற யாராவது எடுக்கறேன்னு சொன்னாலும் குடுக்காதீங்க" என்றாள். வெளியே வந்து நான் அழுதேன். வலியைப் பிடுங்கிப் போட இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டாளே என்று அப்போது கோபம்தான் வந்தது.

நரம்பு டாக்டர் வயதானவர், அவசரப்படாதவர். அவர் என் முகத்தைத் தொடவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார். எப்படி வருது? கரண்ட் மாதிரி. எவ்வளவு நேரம்? கொஞ்ச நொடி, சில சமயம் அதுவே திரும்பத் திரும்ப. எது பட்டா வருது? காத்து, தண்ணி, பிரஷ், பேச்சு. வந்துட்டுப் போனப்புறம் நடுவுல? ஒண்ணும் இல்லீங்க டாக்டர். ராத்திரி எழுப்புதா? இல்ல. எப்பவும் ஒரே பக்கமா? ஆமா. ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டினார், தெரிந்த வழியில் போகிறவர் மாதிரி. பிறகு ஒரு கேள்வி கேட்டார், அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"இதனால எதையெல்லாம் விட்டீங்க?"

வலது பக்கம் மெல்லுறத விட்டேன், முகம் கழுவுறத விட்டேன், சிரிக்கிறத விட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்து, 'எம் பையன்கிட்ட பேசறத விட்டேன்' என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. கண்ணீர் கன்னத்தில் இறங்குகிறது, துடைக்க முடியவில்லை, துடைத்தால் வரும். உன் மாமனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு பஞ்சுத் துணுக்கால் இரண்டு பக்கமும் லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெயரைச் சொன்னார். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. எனக்கு ஒரு தடவையில் வாயில் நுழையவில்லை. முகத்துக்கு மூன்று கிளையாக வருகிற நரம்பு அது. மூளையிலிருந்து அது கிளம்புகிற இடத்தில் ஒரு ரத்தக் குழாய் உரசிக்கொண்டே இருந்தால், நரம்பின் மேலுறை தேய்ந்துவிடுமாம். ஒயரில் ரப்பர் தேய்ந்து போவது போல. அதற்குப் பிறகு, தொட்டால் தொட்டது என்று சொல்ல வேண்டிய நரம்பு, குத்திவிட்டது என்று கத்துமாம். "பல்லு மேல தப்பில்ல. ஒங்க மனசு மேலயும் தப்பில்லம்மா" என்றார். எல்லோருக்கும் ரத்தக் குழாயாகவே இருக்காது, கட்டி, வேறு நரம்பு நோய் எதுவும் இல்லை என்று பார்த்துவிட வேண்டும் என்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். எடுத்தோம். கட்டி இல்லை. குழாய்தான், வளைந்து வந்து நரம்பின் மேல் படுத்திருந்தது.

வெளியே வந்ததும் உன் மாமனார், "பேர் தெரிஞ்சிடுச்சில்ல, இப்ப சொல்லலாமா?" என்றார். நான் இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். மாத்திரை கொடுத்திருந்தார்கள். சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காதாம், வலிப்பு நோய்க்குக் கொடுக்கிற மாத்திரைதான் கேட்குமாம். கொஞ்சமாக ஆரம்பித்து ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்துக் கழுவினேன். கண்ணாடி முன்னால் நின்று 'பெருமாள், மாரியம்மாள்' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். குணமாகி, ஓசூருக்கு நேரில் வந்து, ஜெனிட்டாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் இன்னும் ஒரு வருடம் போய்விட்டது. மாத்திரையை ஏற்ற ஏற்றத் தலை சுற்றியது. ரத்தத்தில் உப்புக் குறைந்து, ஒருநாள் கோர்ட் வராந்தாவிலேயே விழுந்துவிட்டேன். கையில் இருக்கும் பேப்பரில் பெயரைப் படித்துவிட்டு, வாசலுக்கு வருவதற்குள் மறந்து நின்றேன். பொங்கலுக்கு வருவீர்கள், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் வரவில்லை.

உன் மாமனார் மட்டும் ஒவ்வொரு தடவை நான் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போதும் கேட்பார், 'சொல்லிட்டீங்களா?' என்று. போன வாரம் அவருக்கே கோபம் வந்துவிட்டது. "சம்மந்திம்மா, நீங்க நல்லாயிட்டு சொல்லணும்னு பாக்கறீங்க. அவ அங்க தெனமும், அத்தைக்கு நம்மள புடிக்கலன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா. ஒங்க வலிக்காவது மாத்திர இருக்கு" என்றார். அன்றைக்குத்தான் உறைத்தது. என் வலிக்கு ஒரு பெயர் கண்டுபிடிக்க நான் பட்ட பாட்டைத்தான் அந்தப் பெண்ணும் பட்டுக்கொண்டிருக்கிறாள். எங்கே தப்பு என்று அவளுக்குத் தெரியாது. தன் மதத்திலா, சமையலிலா, சொன்ன தமாஷிலா என்று ஒவ்வொன்றாகத் தேடியிருப்பாள். நல்ல பல்லையெல்லாம் பிடுங்கியிருப்பாள்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதோ இல்லையோ, கேட்டுக்கொள். நாளைக்கு ஜெனிட்டா ஏதோ வலிக்கிறது என்றால், எங்கே காட்டு என்று மட்டும் கேட்காதே. எங்கே என்று கேட்டால் விரல் தப்பான இடத்தைக் காட்டிவிடும். எப்படி வருகிறது, எது பட்டால் வருகிறது, அதனால் எதையெல்லாம் விட்டாய் என்று கேள். பதில் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திரு. வெளியே ஒன்றும் தெரியாததால் உள்ளே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டாதே. நேற்று துடித்தவள் இன்றைக்குச் சிரித்தால், நேற்று நடித்தாள் என்று நினைக்காதே. யாராவது திடீரென்று பேசாமல் போனால், கோபம் என்று நினைப்பதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிடு. நீ தெவசத்தன்று கேட்டாய், அதை நான் மறக்கவில்லை. கேட்டதில் தப்பில்லை. பதில் சொல்லாதது நான்.

மாத்திரை இதற்கு மேல் ஏற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்யலாமாம். காதுக்குப் பின்னால் சின்னதாகத் திறந்து, அந்த ரத்தக் குழாயை நரம்பிலிருந்து விலக்கி, நடுவில் பஞ்சு மாதிரி ஒன்றை வைத்துவிடுவார்கள். நிறையப் பேருக்கு வலி போய்விடுமாம். எனக்கும் நிச்சயம் போகும் என்று அவர் சொல்லவில்லை. ஒரு காது கேட்காமல் போகலாம், கன்னம் மரத்துப் போகலாம், எதுவும் ஆகாமலும் இருக்கலாம் என்று எல்லாவற்றையும் சொன்னார். பாண்டிச்சேரியில், அடுத்த மாதம். சம்மதம் என்று சொல்லிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. 'கூட யாரு வர்றாங்க?' என்று கேட்டார். 'எம் பையன் வருவான்' என்று வாயில் வந்துவிட்டது. உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

மேடையில் தட்டிய கை வலியின் கைதான். அதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பேசாமல் இருந்ததற்கு முழுக்க முழுக்க வலிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பாதிக்கு வலி. மீதிக்கு, ஊர் ஒரு முடிவு கட்டிவிட்ட பிறகு அதை எதிர்த்துப் பேசப் பயந்த நான். அந்த மீதிக்கு டாக்டர் கொடுத்த பெயர் எதுவும் ஒத்துவராது. அதற்காக ஜெனிட்டாவிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். காகிதத்தில் கேட்டுத் தீர்த்துக்கொள்கிற விஷயமில்லை அது.

அதனால் இதை நீ படித்து முடித்ததும் அவளிடம் கொடு. நீ படித்துக் காட்டாதே, அவளே படிக்கட்டும். வருவதா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும். அவளுக்கு மனதில்லை என்றால் நீயும் வராதே. அவளை அங்கே விட்டுவிட்டு நீ மட்டும் வந்து என் கட்டில் பக்கத்தில் நிற்பது எனக்கு வேண்டாம். உன் மாமா வருவார், அவள் அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஆள் இருக்கிறது. கோபித்துக்கொள்ள மாட்டேன், அதற்கு உரிமையும் இல்லை. வருவாள் என்றால் மட்டும், கிளம்புவதற்கு முன்னால் போன் செய்யச் சொல். முதலில் நான் ஒன்றும் பேசாமல் இருந்தாலும் வைத்துவிட வேண்டாம். கொஞ்ச நேரம் லைனில் இருக்கச் சொல். பேசிவிடுவேன்.

அம்மா